மறைந்துவிடும் வீக்கம்: குழந்தைகளின் குடலிறக்கமும் அறுவை சிகிச்சையும்

போன மாதம் ஒரு மாலை, காசிமேட்டிலிருந்து ஓர் ஆயா தன் மூன்று மாதப் பேரனைப் பழைய பருத்திப் புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டையில் உள்ள என் கிளினிக்குக்கு வந்தார். பின்னால் மருமகள், தடுப்பூசி அட்டையைக் கையில் பிடித்தபடி.

"டாக்டரம்மா, காலையில் குளிப்பாட்டும்போது இந்த இடம் புடைத்துக்கொண்டு இருந்தது. பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். பால் குடித்துத் தூங்கினான், எழுந்து பார்த்தால் காணவில்லை" என்றார் ஆயா.

துணியை விலக்கிப் பார்த்தேன். தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் எந்த வீக்கமும் இல்லை. இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு, அதில் ஒரு சின்னத் தாயத்து. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இப்போது இல்லையே, அப்படியென்றால் சரியாகிவிட்டதுதானே?" என்று மருமகள் கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் வாரம் தவறாமல் கேட்கிறேன். சரியாகவில்லை என்பதுதான் பதில். வீக்கம் மறைந்திருக்கிறது, அது வந்த வழி அப்படியே திறந்திருக்கிறது. குடல் அந்த வழியாக மறுபடி இறங்கும். ஒருநாள் இறங்கியது ஏற முடியாமல் மாட்டிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். தொடை இடுக்கில் வரும் இந்தக் குடலிறக்கத்துக்கு மருந்து கிடையாது. எண்ணெய் தடவினாலும் பெல்ட் கட்டினாலும் போகாது. சின்ன அறுவை சிகிச்சை ஒன்றுதான் தீர்வு. அது ஏன் என்பதை முதலில் புரிந்துகொண்டால், அறுவை என்ற சொல்லைக் கேட்டதும் வரும் பயம் பாதி குறைந்துவிடும்.

ஆண் குழந்தையின் விதைகள் கருவில் உருவாவது விதைப்பையில் அல்ல, வயிற்றுக்குள்ளே சிறுநீரகங்களுக்கு அருகில். தாயின் வயிற்றில் ஏழாவது மாதத்தை ஒட்டி அவை கீழே இறங்கத் தொடங்குகின்றன. தொடை இடுக்கில் இதற்கென்றே ஒரு குறுகலான பாதை உண்டு. வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் வழுவழுப்பான மெல்லிய சவ்வின் ஒரு பகுதி, பை போல நீண்டு அந்தப் பாதையில் விதைப்பை வரை தொங்கும். நம் ஆயாக்கள் இடுப்பில் செருகியிருப்பார்களே, வெற்றிலையும் சில்லறையும் போட்டுவைக்கும் சுருக்குப்பை, அதைப் போன்ற ஒன்று. விதை கீழே வந்து சேர்ந்ததும், பிறப்பை ஒட்டிய காலத்தில், இந்தப் பையின் கழுத்து தானாகச் சுருங்கி மூடிக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு மூடுவதில்லை. குழந்தை அழும்போதும் முக்கும்போதும் இருமும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. திறந்திருக்கும் சுருக்குப்பைக்குள் குடல் நழுவி இறங்குகிறது. குழந்தை அமைதியானதும் தானாகவே மேலே ஏறிவிடுகிறது. ஆயா காலையில் பார்த்ததும் மாலையில் பார்க்காததும் இதைத்தான்.

வலது விதை இடதைவிடச் சற்றுத் தாமதமாக இறங்குவதால் வலப்பக்கத்தில்தான் இது அதிகம். பத்துக் குழந்தைகளை எடுத்துக்கொண்டால் சுமார் ஆறு பேருக்கு வலது, மூன்று பேருக்கு இடது, ஒருவருக்கு இரண்டு பக்கமும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் 100க்கு 1 முதல் 5 பேர் வரை இது வருகிறது. குறைமாதத்தில், மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளில் 100க்கு 30 வரை போகலாம். பை மூடிக்கொள்ளும் காலத்துக்கு முன்பே அவர்கள் வெளியே வந்துவிடுகிறார்கள் என்பதே காரணம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை போன்ற இடங்களில் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பல வாரங்கள் கழித்து வீட்டுக்கு வரும் குழந்தைகளின் பெற்றோர் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

பெண் குழந்தைகளுக்கும் வரும், ஆனால் குறைவு. கருப்பையைப் பிடித்திருக்கும் ஒரு நாண் அதே பாதையில்தான் போகிறது. அதனோடு அதே போன்ற சிறிய பையும் உண்டு. அவர்களுக்குப் பையில் இறங்குவது பல நேரம் குடலாக இருக்காது, சினைப்பையாக இருக்கும். தொட்டால் கோலிக்குண்டு போல உருளும், வலிக்காது, உள்ளேயும் போகாது. "வலிதான் இல்லையே, நெறி கட்டியிருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தச் சினைப்பை முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று அழுகிப்போகும். பெண் குழந்தையின் தொடை இடுக்கில் அப்படி ஒரு கட்டியைப் பார்த்தால் அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த இடத்தில் தாய்மார்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். "குழந்தையை அழவிட்டாய், அதனால்தான் குடல் இறங்கிவிட்டது" என்று வீட்டில் உள்ளவர்கள் பழி போடுவதை என் கிளினிக்கிலேயே கேட்டிருக்கிறேன். கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண், நிறைமாதத்தில் தண்ணீர் லாரியில் பிடித்த பிளாஸ்டிக் குடங்களை மாடிக்குத் தூக்கியதுதான் காரணம் என்று தன்னையே நொந்துகொண்டு அழுதார். இரண்டுமே காரணமல்ல. பை மூடாமல் இருப்பது பிறப்பிலேயே அமைந்தது. அழுகை அதைக் கண்ணுக்குக் காட்டித் தருகிறது, அவ்வளவுதான். அழவே அழாத குழந்தையாக இருந்தால் தாமதமாகத் தெரிய வந்திருக்கும்.

அரைஞாண் கயிறு பற்றியும் கேட்கிறார்கள். கட்டினால் குடல் இறங்காது என்று செல்பேசியில் வரும் செய்திகளைப் பலர் எனக்கே அனுப்பியிருக்கிறார்கள். கயிறு இருப்பது இடுப்பில், தோலுக்கு வெளியே. வாசல் இருப்பது அதற்குக் கீழே, வயிற்றுத் தசைக்கு உள்ளே. கயிறு அந்த வாசலைத் தொடவே முடியாது. வழக்கத்துக்காகக் கட்டுவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அந்த ஆயாவின் பேரனும் கட்டித்தான் இருந்தான், அவனுக்கும் குடல் இறங்கியது.

குழந்தைக்குக் கீழே வரும் எல்லா வீக்கமும் குடலிறக்கமில்லை. மேலே சொன்ன பையின் கழுத்து நூல் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்திருந்தால் குடல் இறங்க முடியாது, வயிற்றில் இயல்பாக இருக்கும் நீர் மட்டும் கசிந்து இறங்கும். இதுதான் பெரியவர்கள் ஓதம் என்று சொல்வது. விதைப்பை நீர்ப்பலூன் போல இருக்கும், வலி இருக்காது, பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வயதுக்குள் தானாகவே வற்றிவிடும், காத்திருக்கலாம். யானைக்கால் நோயால் பெரியவர்களுக்கு வரும் ஓதத்துக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. தொப்புள் புடைத்துக்கொண்டு இருப்பதும் வேறு. அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. தோல் புண்ணாவதைத் தவிர அதனால் பயன் இல்லை. தொப்புள் குடலிறக்கம் பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். இந்த இரண்டும் தானாகச் சரியாவதால்தான் குழப்பம் வருகிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தானாகப் போய்விட்டது என்று யாராவது சொன்னால், அது தொப்புளா, ஓதமா, தொடை இடுக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொடை இடுக்கில் வந்த குடலிறக்கம் தானாகப் போவதில்லை.

மருத்துவரிடம் வரும்போது வீக்கம் மறைந்திருப்பது சாதாரணம். அதனால் வீக்கம் தெரியும்போதே செல்பேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள். வலதா இடதா என்பது தெரியும்படி தொப்புளும் சேர்ந்து விழட்டும். அந்த மருமகள் அடுத்த முறை அப்படி ஒரு படம் கொண்டுவந்தார், அதற்குமேல் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய குழந்தை என்றால் குதிக்கச் சொல்வோம், பலூன் ஊதச் சொல்வோம். கைக்குழந்தை என்றால் அழும்வரை காத்திருப்போம். எதுவும் வெளியே வராவிட்டால் விரல் நுனியை மடிப்பின் மேல் வைத்து மெல்ல உருட்டிப் பார்ப்பேன். உள்ளே பை இருந்தால், பட்டுத் துணியின் இரண்டு மடிப்புகள் ஒன்றோடொன்று உரசுவதைப் போல விரலுக்குத் தெரியும். பல வருடம் தொட்டுப் பழகிய கைக்குத்தான் அது பிடிபடும். பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது. டார்ச் அடித்துப் பார்த்து, வெளிச்சம் ஊடுருவினால் நீர்தான் என்று முடிவு செய்வதும் கைக்குழந்தைகளிடம் சரிவராது. அவர்களின் குடல் அவ்வளவு மெல்லியது, அதிலும் வெளிச்சம் ஊடுருவும். இரண்டு விதையும் கீழே இறங்கியிருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டு மாதக் குழந்தை ஒன்று நாள் முழுக்க விடாமல் அழுதிருக்கிறது. உரம் விழுந்துவிட்டது என்று நினைத்து, உரம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். புடவையில் போட்டு உருட்டியிருக்கிறார்கள். அழுகை நிற்கவில்லை. குடல் ஏற்றம் என்று இன்னொருவர் எண்ணெய் போட்டு வயிற்றைத் தடவியிருக்கிறார். அடுத்து ஒரு மருத்துவமனையில் வயிற்றுவலிக்குச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இத்தனை பேரில் ஒருவரும் அந்தக் குழந்தையின் அரையாடையை அவிழ்த்துப் பார்க்கவில்லை. இரவு பத்து மணிக்கு என்னிடம் வந்தபோது குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தது. நான் அவிழ்த்தேன். வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவில், கல் போல, சிவந்த வீக்கம். வாசலில் நின்ற ஆட்டோவிலேயே ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். அன்றிரவே அறுவை செய்தார்கள். குடல் பிழைத்துக்கொண்டது. அந்தப் பக்கத்து விதை, ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துவிட்டிருந்தது.

நடந்தது இதுதான். பையின் கழுத்து குறுகலானது. இறங்கிய குடலில் காற்றும் திரவமும் சேர்ந்து உப்பினால் வந்த வழியில் திரும்ப முடியாது. கழுத்து இறுக்குகிறது, முதலில் ரத்தம் திரும்பிப் போவது தடைபட்டு வீங்குகிறது, வீங்கியதால் மேலும் இறுகுகிறது, கடைசியில் ரத்தம் வருவதே நின்றுபோகிறது. அதே பாதையில் விதைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் இருப்பதால் அவையும் நசுங்குகின்றன. எந்த வயதிலும் இது நடக்கலாம் என்றாலும் முதல் வயதுக்குள்தான் அபாயம் மிக அதிகம். குழந்தை சின்னது, கொஞ்சம் வளரட்டும், ஒரு வயதாகட்டும் என்று சொல்பவர்கள் சரியாக அந்த ஆபத்தான காலத்தைத்தான் காத்திருந்து கழிக்கச் சொல்கிறார்கள்.

ஆகவே காரணம் தெரியாமல் ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதால், அதுவும் ஆண் குழந்தை என்றால், முதல் வேலையாக அரையாடையை முழுக்க அவிழ்த்து இரண்டு தொடை இடுக்குகளையும் விதைப்பையையும் வெளிச்சத்தில் பாருங்கள். வீக்கம் கெட்டியாக இருந்து, தொட்டால் குழந்தை துடித்து, வழக்கம்போல உள்ளே போகாமல் இருந்தால் அது அவசரம். வாந்தி, அதிலும் பச்சை வாந்தி, வயிற்று உப்பல், பால் மறுத்தல், வீக்கத்தின் மேல் தோல் சிவத்தல், இவற்றில் எது சேர்ந்தாலும் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. பால் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம். நீங்களாக அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள். 108க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த ஆட்டோவில் ஏறுங்கள். போகிற இடத்தில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்க வேண்டும். வடசென்னையில் இருப்பவர்களுக்குப் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. எங்கள் பக்கத்து முதியவர்கள் இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள், பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய இடம் என்பதால். எழும்பூரில் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது.

மாட்டிக்கொண்ட குடலை முதலில் அறுவை இல்லாமலே உள்ளே அனுப்பப் பார்ப்பார்கள். குழந்தைக்கு வலி குறைய, உறங்க மருந்து கொடுத்து, பயிற்சி பெற்ற மருத்துவர் இரண்டு கைகளாலும் மெதுவாக, சீராக, பொறுமையாக அழுத்துவார். பெரும்பாலும் போய்விடும். போனதும் "சரியாகிவிட்டது" என்று வீட்டுக்குப் புறப்பட்டுவிடக் கூடாது. குழந்தையை மருத்துவமனையிலேயே வைத்திருந்து, வீக்கம் வடிய ஒன்றிரண்டு நாள் கொடுத்து, அறுவை செய்துதான் அனுப்புவார்கள். உள்ளே போகாவிட்டால், அல்லது குடல் கெட்டுவிட்ட அறிகுறி இருந்தால், அப்போதே அறுவை. சாதாரண நாளில் அரை மணியில் முடிகிற வேலை அப்படிப்பட்ட இரவில் மிகக் கடினமாகிவிடும். பை வீங்கிச் சொதசொதத்து, ஈரமான காகிதம் போலக் கிழியும்.

அதனால்தான் நோய் தெரிந்ததும் அவசரமில்லாமல், ஆனால் தள்ளிப்போடாமல், சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும். கனடாவில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 14 நாளுக்கு மேல் காத்திருந்தபோது குடல் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது தெரிந்தது. குறைமாதக் குழந்தைகள் மட்டும் இதற்கு விலக்கு. அவர்களுக்கு மயக்க மருந்துக்குப் பிறகு மூச்சு திடீரென்று நின்று நின்று வரும் அபாயம் உண்டு. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே அறுவை செய்த குறைமாதக் குழந்தைகளில் 28 சதவீதத்தினருக்கும், சில மாதங்கள் வளரவிட்டுச் செய்தவர்களில் 18 சதவீதத்தினருக்கும் கடுமையான பாதிப்பு ஏதாவது ஒன்று ஏற்பட்டது. எனவே அவர்களுக்கு எப்போது செய்வது என்பதைக் குழந்தைகள் அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். அதுவரை பெற்றோர் ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, அறுவை அரங்கில் என்ன நடக்கிறது? பயிற்சிக் காலத்தில் நான் பலமுறை உதவியாக நின்றிருக்கிறேன். அடிவயிற்றில் குழந்தைகளுக்கு இயற்கையாகவே ஒரு தோல் மடிப்பு இருக்கிறது. அதிலேயே சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோலைத் திறப்பார்கள். பின்னாளில் தழும்பு மடிப்போடு மடிப்பாக மறைந்துவிடும். கீழே விதைக்குப் போகும் கொடி தெரியும். அந்தக் கொடிக்குள் மூன்று இருக்கின்றன: பை, விதையின் ரத்தக் குழாய்கள், பின்னாளில் விந்து வரவேண்டிய நாளம். பை வெங்காயச் சருகு போல மெல்லியது, ஊடுருவித் தெரியும். நாளம் வேகவைத்த சேமியா இழை தடிமன்தான் இருக்கும். இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். சருகு கிழியாமல், இழையை இடுக்கியால் நசுக்காமல், இரண்டையும் பிரிப்பதில்தான் அறுவை மருத்துவரின் கைத்திறன் முழுவதும் இருக்கிறது. என் ஆசிரியர் அந்தச் சில நிமிடங்களில் யாரையும் பேச விடமாட்டார்.

பிரித்த பையை உள்ளே இழுத்துப் போய், வயிற்றிலிருந்து அது புறப்படும் இடம் வரை விடுவித்து, உள்ளே குடல் எதுவும் இல்லை என்று உறுதி செய்து, முறுக்கி, கழுத்தில் நூலால் தைத்துக் கட்டுவார்கள். கட்டுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுவார்கள். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாயிற்று. நடுவில் எங்கோ கட்டினால் மேலே ஒரு சிறு பை மிஞ்சி மறுபடி இறங்கும், அதனால் மேல்வாசலிலேயே கட்டுவது முக்கியம். இயற்கை மூட மறந்த ஒன்றை மூடிவிடுகிறார்கள், அவ்வளவே.

"பெரியவர்களுக்கு வலை வைப்பார்களே, குழந்தைக்கு வைக்க மாட்டார்களா?" என்று அந்த ஆயா கேட்டார். அவர் கணவருக்கு அப்படித்தான் செய்தார்களாம். நல்ல கேள்வி. பெரியவர்களுக்குத் தசைச் சுவரே நைந்து போயிருக்கும். காசிமேட்டில் நைந்த மீன்வலையை உட்கார்ந்து கோத்துச் சரிசெய்வார்களே, அதுபோலப் பலவீனமான இடத்துக்கு ஒட்டுப்போட வேண்டும். குழந்தையின் சுவர் புத்தம் புதியது, நைந்துபோகவில்லை. பையின் வாய் மட்டும் திறந்திருக்கிறது. கட்டினால் போதும். வளர்கிற உடம்புக்குள் வளராத வலையை வைக்கவும் கூடாது.

தொப்புள் வழியாகக் கேமராவை விட்டு லேப்ராஸ்கோப்பி முறையிலும் செய்கிறார்கள். எதிர்ப்பக்க வாசல் திறந்திருக்கிறதா என்று அதிலேயே பார்த்துவிடலாம். இரண்டு பக்கமும் குடலிறக்கம் இருந்தாலும், பெண் குழந்தை என்றாலும், ஏற்கெனவே செய்து மறுபடி வந்தாலும் நல்ல வழி. ஒரு பக்கம் மட்டும் என்றால் பழைய முறையே போதுமானது என்பது என் கருத்து. எந்த முறை என்பதைவிட யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். குழந்தைகள் அறுவை சிகிச்சையில் தனிப்பட்டம் பெற்றவரும், குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவரும் இருக்கும் இடத்துக்குப் போங்கள். அனுபவமுள்ள கைகளில் மறுபடி வருவது 100க்கு ஒருவர் என்ற அளவில்தான். விதை சுருங்குவதும் நாளம் அடிபடுவதும் அரிது. அரிது என்றாலும் கையெழுத்துப் போடும் முன் மருத்துவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும், நீங்களும் கேட்டிருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் இல்லை. தனியார் மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த மருத்துவமனையும் இந்த அறுவையும் வருகின்றனவா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

பெற்றோர் அறுவையைவிடப் பயப்படுவது மயக்க மருந்துக்குத்தான். மூளையைப் பாதிக்குமா, படிப்பு வராமல் போய்விடுமா என்று கேட்கிறார்கள். இதற்கு நல்ல பதில் கிடைத்திருக்கிறது. ஏழு நாடுகளில் இதே குடலிறக்க அறுவைக்கு வந்த 722 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்கு முழு மயக்கமும், மறு பாதிக்கு முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகும் முறையும் கொடுத்து, ஐந்து வயதில் அறிவுத்திறனைச் சோதித்தார்கள். 2019இல் முடிவு வந்தது: ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஒருமுறை மயக்கத்தால் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. மயக்க மருந்தே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1735ஆம் ஆண்டு லண்டனில் கிளாடியஸ் அமியாண்ட் என்ற மருத்துவர், 11 வயதுப் பையனின் குடலிறக்கப் பைக்குள் குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) இருப்பதையும், அவன் விழுங்கிய குண்டூசி அதைத் துளைத்திருப்பதையும் கண்டு அறுத்து எடுத்தார். குடல்வாலை அகற்றிய முதல் அறுவையாகப் பதிவாகியிருப்பது அதுதான். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான், ஆனால் அரை மணி நேரம் அத்தனையையும் விழித்தபடியே தாங்கினான். இன்று நம் குழந்தைகள் தூங்கி எழுகிறார்கள். தூங்கியபின் முதுகின் அடியில் ஓர் ஊசி போடுவதால் விழித்த பிறகும் சில மணி நேரம் வலி தெரியாது.

மயக்கத்தில் மிக முக்கியமான பங்கு பெற்றோருடையது: பட்டினி. வயிற்றில் பால் இருந்தால் மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். சோறு, இட்லி, பிஸ்கட், பசும்பால், மாவுப்பால் எல்லாவற்றையும் ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும், தாய்ப்பாலை நான்கு மணி நேரத்துக்கு முன். வெறும் தண்ணீர் பெரும்பாலான இடங்களில் இரண்டு மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம். குழந்தை அழுகிறதே என்று விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் அரை பிஸ்கட் கொடுத்துவிடும் பாட்டிகளை எனக்குத் தெரியும், பாசம்தான். கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாள் தள்ளிப்போகும், குழந்தை பத்திரமாக இருக்கும். சளி, இருமல், காய்ச்சல் இருந்தாலும் அப்படியே சொல்லுங்கள்.

பெரும்பாலான குழந்தைகள் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடும். குறைமாதமாகப் பிறந்த சின்னக் குழந்தையை ஓரிரவு வைத்துக் கண்காணிப்பார்கள். விழித்து ஒரு மணி நேரத்தில் பால் குடிக்கத் தொடங்கும். இரண்டு நாள் பாராசிட்டமால் போதும், எடைக்கு ஏற்ற அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தையல் தானாகக் கரைவதாக இருக்கும். விதைப்பை சில நாள் வீங்கித் தெரிவது வழக்கம், மறுபடி குடல் இறங்கிவிட்டதோ என்று பதற வேண்டாம். வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, காயம் சிவந்து கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காட்டுங்கள். கைக்குழந்தைக்குக் கட்டுப்பாடு எதுவும் தேவையில்லை. பள்ளிக்கூடம் போகிற பையன் என்றால் சில வாரங்களுக்குச் சைக்கிளும் கிரிக்கெட்டும் வேண்டாம்.

அந்தப் பேரனுக்கு அறுவை முடிந்து பத்தாம் நாள் மூவரும் வந்தார்கள். காயம் மெல்லிய கோடாக ஆறியிருந்தது. விதை அதன் இடத்தில் இருந்தது. அறுவைக்காக அவிழ்த்துவைத்த அரைஞாண் கயிறு ஆயாவின் சுருக்குப்பைக்குள் இருந்தது. எப்போது கட்டலாம் என்று கேட்டார். இன்னும் ஒரு வாரம் போகட்டும், காயத்தில் உரசாதபடி தளர்வாகக் கட்டுங்கள் என்றேன். பிறகு குழந்தையின் இடப்பக்க மடிப்பைக் காட்டினேன். ஒரு பக்கம் செய்த குழந்தைகளில் 100க்குப் பத்துப் பேர்வரை பின்னாளில் மறுபக்கமும் இறங்கலாம். குளிப்பாட்டும்போது அந்தப் பக்கத்தையும் பாருங்கள் என்றேன். "நான் பார்க்காமல் யார் பார்ப்பது?" என்று சொல்லிக்கொண்டே ஆயா அவனைப் புடவையில் சுற்றினார்.